எஸ்தர் டீச்சரின் குரலும் என் டெமோ மெஷினும்

டக்… டக்… டக்…

ஆபரேஷன் தியேட்டரின் ஏசி குளிரில், ஸ்பிரிட் வாசனைக்கு நடுவே நான் காது கொடுத்துக் கேட்ட சத்தம் அது. கழுத்துக்குள் இருக்கும் குரல் நரம்பை டாக்டர் ஒரு சின்னக் கம்பியால் தொட்டால் மெஷின் அப்படிச் சத்தம் போடும். நரம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த மெஷினை விற்பதுதான் என் முதல் வேலை. ஆரணியிலிருந்து வேலூர் பஸ்ஸில் டெமோ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவேன். "இன்னாம்மா இது, ஆர்மோனியமா? லக்கேஜ் போடணும்" என்பார் கண்டக்டர். ஆஸ்பத்திரியிலோ, "நரம்பு என் கண்ணுக்கே தெரியுது, மெஷின் எதுக்கும்மா?" என்று டீ மட்டும் கொடுத்து அனுப்புவார்கள். பேஜாரான வேலை…

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெரு எஸ்தர் டீச்சருக்குத் தைராய்டு கட்டி வந்தது. சர்ச்சில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான்.

"உயிருக்கு ஒண்ணும் ஆவாதுன்னுட்டாங்க கவிதா. கொரல் போயிடுமோன்னுதான் பயந்துகினு இருக்கேன். பாடாம நான் இன்னா பண்ணுவேன்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வேலூரில் அவருடைய டாக்டரிடம் போய் நின்றேன். "சார், வாங்கவே வேணாம். இந்த ஒரு கேஸுக்கு வெச்சிப் பாருங்க." என்ன நினைத்தாரோ, சரி என்றார்.

ஆபரேஷன் அன்று மெஷினோடு நானும் உள்ளே நின்றேன். கழுத்தில் ஒரு பக்கம் நல்லபடியாக முடிந்தது. மறுபக்கமும் முதலில் சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் நரம்பைத் தொட்டார்… சத்தமில்லை. மறுபடி தொட்டார். இல்லை.

ஒயர்களைப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தன. டீச்சரின் குரல் போய்விட்டது என்றே நினைத்தேன்.

மயக்க மருந்து கொடுக்கும் மேடம்தான் மெதுவாகச் சொன்னார். "சார், பேஷண்ட் லேசா அசைஞ்சாங்க. பழக்கத்துல, தசை தளர்ற மருந்தைப் போட்டுட்டேன்."

அந்த மருந்து உள்ளே போனால், நரம்பு நன்றாக இருந்தாலும் தசை அசையாது. தசை அசைந்தால்தான் மெஷின் சத்தம் போடும். தியேட்டரில் கை தானாகச் செய்கிற வேலை அது. மெஷின் புதிது, யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. "சரி, மருந்தோட வேகம் கொறையட்டும்" என்று அப்படியே நின்றார்.

மறுபடி தொட்டார்.

டக்…

மாஸ்க்குக்குள்ளேயே அழுதேன். மயக்கம் தெளிந்த டீச்சர் முதலில் கேட்டது, "கவிதா சாப்டுச்சா?"

இப்போது டாக்டர்களே போன் செய்கிறார்கள். "மெஷின் எப்ப ஃப்ரீ? அதுக்கேத்த மாதிரி டேட் குடுக்கறேன்" என்கிறார்கள். முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கு, காது ஆபரேஷனுக்கு என்று மெஷினைக் கேட்பது கூடிக்கொண்டே போகிறது. கம்பெனி மீட்டிங்கில் மார்க்கெட் வளர்கிறது என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். தசை மருந்தைப் பற்றி நான் வாய் திறக்கும் முன்பே, "தெரியும்மா, போட மாட்டோம்" என்கிறார்கள். கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

நோயாளிகளின் பயம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. போன வாரம், செய்யாறில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், தைராய்டு ஆபரேஷனுக்கு முன்னால், "அக்கா, எனக்குப் பேச்சு வருமா?" என்று அழுதாள்.

டீச்சருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, அவள் காதில் வைத்தேன்.

டீச்சர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. பாட ஆரம்பித்துவிட்டார்.