வெளுத்த தாளின் எடை

காற்றில் கலந்த தூசியை எடை போடுவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதே அறை, அதே தராசு. மூச்சுக் காற்று பட்டால்கூட எண் தாறுமாறாக ஓடும் என்பதால், தராசுக்கு முன் உட்கார்ந்ததும் மூச்சை அடக்கிக்கொள்வாள். அலுவலகத்தில் அவளுக்குத் 'தம்கட்டி' என்று பேர். காதுபடவே கூப்பிடுவார்கள். அதற்கெல்லாம் வாயைக் கொடுக்கிற ரகமில்லை அவள்.

அன்று காலை தராசு காட்டிய எண்ணைப் பார்த்து அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. மொட்டைமாடிக் கருவியில் ஒரு நாள் முழுக்கக் காற்றை வடிகட்டிய சின்ன வட்டத் தாள் அது. இருக்கலாம் என்று விதித்த அளவைப் போல் மூன்று மடங்கு தூசி அதில் இருந்தது. மூன்று முறை வைத்துப் பார்த்தாள். எண் மாறவில்லை. தாளோ வெளுத்துக் கிடந்தது. மற்ற மோசமான நாட்களில் படியும் கரிக் கறுப்பு இதில் இல்லை.

மறுநாள் காலை பள்ளிப் பிள்ளைகள் எட்டாயிரம் பேர் பெருஞ்சாலையில் ஓடப் போகிறார்கள். அவள் தங்கை மகளும் ஓடுகிறாள். பன்னிரண்டு வயது, மூச்சிழுப்பு உள்ள பிள்ளை. தானாக அளக்கும் கருவி பழுதாகி ஒரு வாரமாயிற்று. ஆகவே இந்தத் தாள் ஒன்றுதான் சாட்சி. காற்று மோசம் என்று மேலதிகாரி நான்கு மணிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் ஓட்டம் நிற்கும். இல்லாவிட்டால் நடக்கும்.

மேலதிகாரி கெட்டவர் இல்லை, பயந்தவர். அது இன்னும் மோசம். தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

"இதுல அழுக்கு எங்கம்மா இருக்கு? தொழிற்சாலை எல்லாம் மூணு நாளா லீவு. வெளியில தெரியறது வெறும் பனி."

"லாரிக்கும் மின்நிலையத்துக்கும் லீவு கிடையாதே சார். அதுங்க விடறது வெளிய வரும்போது வெறும் வாயு, கண்ணுக்குத் தெரியாது. சாக்கடையிலயும் மாட்டுக் கொட்டகையிலயும் இருந்து அமோனியா வரும். காத்து அசையாம நின்னா ரெண்டும் சேர்ந்து வெள்ளை உப்பாயிடும். கரி மாதிரியே அதுவும் நுரையீரலுக்குள்ள போயிடும்."

"விரல் பட்டிருக்கும்மா. தாள்ல விரல் பட்டா எடை கூடும்னு பயிற்சியில சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே?"

முந்தின நாள் அவள் கருவியிலிருந்து தாளை எடுக்கும்போது தங்கை போன் செய்தாள், பிள்ளைக்கு ராத்திரி இழுத்தது என்று. கையுறையைக் கழற்றிவிட்டுப் பேசினாள். திரும்ப மாட்டினாளா? மூளையைப் போட்டுக் கசக்கியும் ஞாபகம் வரவில்லை.

"தண்ணியில போட்டு, என்ன உப்புன்னு பாத்துடலாம் சார்."

"போட்டா தூசியெல்லாம் கரைஞ்சிடும். நாளைக்கு யாராவது திரும்ப எடை போடுன்னா?"

"போட ஒண்ணும் இருக்காது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை. "உங்க பாடு" என்று எழுந்து போனார்.

தாளைத் தண்ணீர்ப் புட்டியில் போட்டாள். அரைமணி நேரம் குலுக்கி, ஊசியில் எடுத்து, இயந்திரத்துக்குள் செலுத்தினாள். ஒவ்வொரு உப்பும் அதனதன் நேரத்துக்குத் திரையில் ஒரு மேடாக எழும். முதலில் ஒரு சின்ன மேடு எழுந்தது. சோடியம். வியர்வை உப்பு. கை படாத தாளில் இது இவ்வளவு இருக்காது என்று அவளுக்குத் தெரியும். தொட்டிருக்கிறாள்.

அடுத்து அமோனியம் எழுந்தது. எழுந்தது நிற்கவில்லை, திரையின் உச்சிவரை போயிற்று. இயந்திரத்தில் மறுபடி செலுத்தியபோது நைட்ரேட் உப்பும் சல்பேட் உப்பும் அப்படியே. கணக்குப் போட்டாள். அவள் விரலின் பங்கு ஐம்பதில் ஒன்றுகூட இல்லை. மிச்சமெல்லாம் ஊர் விட்ட புகை.

சோடியம் வரியை விட்டுவிட்டால் கேட்க ஆளில்லை. எழுதினாலோ, அவர் தேடிக்கொண்டிருக்கிற சாக்கை அவளே தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. எட்டாயிரம் பிள்ளைகள், அதில் ஒன்று தன் வீட்டுப் பிள்ளை. விட்டுவிடத்தான் நினைத்தாள். ஆனால் ஒரு வரியை மறைத்தால் மற்ற வரிகளையும் நம்பச் சொல்ல அவளுக்கு வாய் வராது. தன் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வர, 'தாளைக் கையுறை இல்லாமல் தொட்டது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மேலதிகாரி படித்து முடித்தபோது மூன்றே முக்கால்.

"தொட்டேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இதை வெச்சே இந்தத் தாள் செல்லாதுன்னு நான் எழுதிடலாம்."

"எழுதலாம் சார். அதுக்குக் கீழ உங்க கையெழுத்து வேணும். என்னோடது மேல இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லும் தாளில் கையெழுத்துப் போட்டார்.

"உங்களுக்கு மெமோ வரும்மா."

"வரட்டும் சார்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே போன் வந்தது. தங்கை மகள். தேம்பித் தேம்பி அழுதாள்.

"பெரியம்மா, ஓட்டத்தை நிறுத்திட்டாங்க. மூணு மாசமா ஓடிப் பழகினேன். சட்டையில நம்பர்கூட குத்தியாச்சு. எந்தப் பாவி நிறுத்தினானோ, அவன் நல்லாவே இருக்க மாட்டான்."

அழுகைக்கு நடுவே இழுப்பு கேட்டது.

"முதல்ல மருந்தை உறிஞ்சு. அப்புறம் பேசலாம்."

உறிஞ்சும் சத்தம் கேட்டது. இரண்டு முறை. மூச்சு சீராகும்வரை காத்திருந்தாள்.

"நான்தான் கண்ணு நிறுத்தினேன்."

மறுமுனையில் மூச்சு இழுப்பில்லாமல் கேட்டது. பிறகு பிள்ளை போனை வைத்துவிட்டாள்.