மயிலாப்பூரில் ஓர் ‘ஏட்டி’

போன சனிக்கிழமை வடசேரிச் சந்தைக்குப் போயிருந்தேன். வாழைக்காய் விற்கிற அம்மாளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“மெட்ராஸ்ல இருந்து வந்தியளா?”

“இல்லையே... நான் மணவாளக்குறிச்சிதான்.”

“சும்ம சொல்லாதிய. பேச்சு அப்பிடி இல்லியே.”

பக்கத்துக் கடைக்காரி வேறு எட்டிப் பார்த்தாள். சொந்தச் சீமையில் நின்றுகொண்டு, நான் இந்தச் சீமைக்காரிதான் என்று சாட்சிக்கு ஆள் தேட வேண்டிய நிலைமை. வாழைக்காயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் பேச்சு எங்கே போயிற்று? எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

நான் நாகர்கோவிலில் பாலர் வகுப்பு டீச்சர் என்பது வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்த வேலைக்காகச் சென்னைக்குப் போய்ப் படித்தேன். நர்ஸரி டீச்சர் டிரெயினிங். சின்னக் குழந்தைகளை எப்படிக் கவனிப்பது, எப்படி விளையாட விடுவது, எப்படித் தூங்கவைப்பது... “பிள்ள வளக்கதுக்கும் ஒரு படிப்பா?” என்று சித்தப்பா சிரித்தார். அப்பா மட்டும்தான் என் கட்சி. திருநெல்வேலி வரைக்கும் பஸ்ஸில் கூட வந்து ரயிலேற்றிவிட்டார்.

“ஒரு தடவதான் மக்களே இவங்க எல்லாரையும் என்னால சமாளிக்க முடியும். பாஸாயிட்டு வந்திரு” என்றார்.

தோற்றால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான் என்று அதற்கு அர்த்தம்.

எங்கள் சீமை திருவாங்கூரைச் சேர்ந்தது; திருவனந்தபுரத்து ஆபீஸ்களில் தமிழ் பேசுகிற எங்களை ஏளனமாகப் ‘பாண்டி’ என்பார்கள். சென்னையில் அந்தக் கஷ்டம் இல்லை, அங்கே நம்ம பாஷை, நம்ம ஜனம் என்ற நினைப்போடு போய் இறங்கினேன். முதல் நாள் ஹாஸ்டலில் மோர் ஊற்றினார்கள். போதும் என்பதற்கு “மதி” என்றேன். மேஜையே சிரித்தது.

“நீ மலையாளமா?” என்று கேட்டாள் கும்பகோணத்துப் பெண் ஒருத்தி.

“தமிழாக்கும்” என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற பெண்களைப் பார்க்க மாமா வருவார், அத்தை வருவார், முறுக்கு டின் வரும். என்னைப் பார்க்க யார் வருவார்கள்? கடற்கரையில் போய் உட்காருவேன். எங்கள் ஊரில் சூரியன் கடலில் போய் இறங்கும். சென்னையிலோ என் முதுகுக்குப் பின்னால் கட்டிடங்களுக்குள் போய் மறைந்தது. ஊர் நினைப்பு வந்து அழுதிருக்கிறேன். வெட்கம் என்ன, சொல்லிவிடுகிறேனே.

நாங்கள் பாடம் நடத்திப் பழகுவதற்காக டிரெயினிங் பள்ளியோடு சேர்ந்த பிராக்டிஸ் ஸ்கூல் மயிலாப்பூரில். அங்கே வசந்தி என்று ஒரு நான்கு வயதுக் குழந்தை. வீட்டில் ஓயாமல் பேசுமாம். பள்ளிக்கூடத்தில் மட்டும் வாயே திறக்காது. எனக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது... எங்கள் இருவருக்கும் வியாதி ஒன்றுதானே?

ஒருநாள் சறுக்குமரத்திலிருந்து விழுந்துவிட்டாள். ஓடிப் போய்த் தூக்கினேன். பதற்றத்தில் ‘அழாதே கண்ணா’ என்று பட்டணத்துத் தமிழ் எங்கே வரும்?

“கரையாத மக்களே... ஒண்ணும் இல்ல... இஞ்ச வா.”

வசந்தி அழுகையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள். மறுநாள் தானாகவே வந்து மடியில் உட்கார்ந்தாள். அந்த வாரமே இன்னொரு குழந்தையைப் பார்த்து, “ஏட்டி, பைய போ” என்றாள். அடியே, மெதுவாகப் போ என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது. குழந்தை பேசிவிட்டது என்று பிரின்ஸிபாலுக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டே இருந்தோம். எங்கள் ஊர்க் கருமணலைப் பற்றிச் சொல்வேன்.

“கறுத்த மண்ணு காலுல ஒட்டுமா?”

“ஈரக் காலுன்னா ஒட்டும் மக்களே.”

“கழுவுனா போவுமா?”

“பைய போவும்.”

என்னையும் அவள் ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிட்டாள். திருத்தியிருக்க வேண்டும். ஆனால் என் வீட்டில் என் அம்மா கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிட அத்தனை பெரிய நகரத்தில் வேறு ஒரு ஆள் உண்டா? நான் திருத்தவில்லை.

அவளுடைய அம்மா புகாரோடு வந்தாள்.

“ஆத்துல எல்லாரையும் ஏட்டி ஏட்டிங்கறா. என் மாமியாரைக்கூட விடலை. சாதம் போட்டா மதிங்கறா. இது என்ன பாஷை டீச்சர்?”

பிரின்ஸிபால் என்னைக் கூப்பிட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால்கூடத் தேவலை.

“சுத்தி இருக்கிறவங்க பேச்சைக் குழந்தை அப்படியே எடுத்துக்கும்னு பரீட்சையில நீதானே அழகா எழுதியிருந்தே? கடைசி பிராக்டிகலுக்கு எக்ஸாமினர் வருவார். அன்னிக்கும் இந்தக் குழந்தை இப்படிப் பேசினா, என்னால உன்னைப் பாஸ் பண்ணமுடியாதும்மா.”

திருநெல்வேலி ரயிலடியில் அப்பா நின்ற நிலை கண்ணில் வந்து நின்றது.

கும்பகோணத்துப் பெண்ணிடமே போனேன். பாவம், நல்ல மனசு. சிரிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். வந்துடறேன், போயிடறேன், வேணாம், இங்கே வா... கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வகுப்பிலும் அப்படியே பேச ஆரம்பித்தேன்.

வசந்தி விடவில்லை.

“எதுக்குட்டி இப்பிடிப் பேசுத?”

“அப்படியெல்லாம் சொல்லக் கூடாது கண்ணா. டீச்சர்னு சொல்லணும்.”

சில நாள் முரண்டு பிடித்தாள். பிறகு அவளும் விட்டுவிட்டாள். குழந்தைகளுக்குப் பேச்சு தட்டம்மை மாதிரி. வருவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது. பெரியவர்களுக்கு வந்தால்தான் ஆபத்து.

எக்ஸாமினர் வந்த அன்று வசந்தி எழுந்து நின்று, “வணக்கம் டீச்சர். நான் படம் வரையறேன்” என்றாள். பிசிறே இல்லை. நான் பாஸ். அன்று ஹாஸ்டல் மேஜையில் நானும் எல்லோரையும் போலப் பேசினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகின்றன என்று இப்போது ஊரெல்லாம் பேச்சு. என் நாக்கு அப்போதே போய்ச் சேர்ந்துவிட்டது.

கடைசி நாள் குழந்தைகள் வரிசையாக வந்து எனக்குப் பூக் கொடுத்தார்கள். வசந்தியும் கொடுத்துவிட்டு, வரிசை தப்பாமல் போய்விட்டாள். நான் வாசலைத் தாண்டப்போகும்போது பின்னாலிருந்து யாரோ புடவையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் அவள். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். நான் குனிந்தேன். என் காதுக்குள் சொன்னாள்.

“ஏட்டி... இனி எப்பம் வருவ?”

எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரே ஒரு வார்த்தை அவளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“சீக்கிரமே வந்துடறேன் கண்ணா.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு புடவையை விட்டாள்.

“சரி டீச்சர்” என்றாள்.

சர்டிபிகேட்டில் எனக்குப் ‘பேச்சு: மிக நன்று’ என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.