முன் சீட்டில் போன கைப்பை

ஜனவரி 24, சனிக்கிழமை. காலை 5.10க்கு அலாரம் இல்லாமலே விழிப்பு. ஓசூரில் முதல் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு எழும் நேரம். தீவுக்கு வந்தாலும் உடம்புக்கு லீவு தெரியவில்லை! குளித்தேன். காபி கலந்தேன். கைப்பையில் இரண்டு பாஸ்போர்ட், மாத்திரை, கண்ணாடி... இரண்டு முறை சரிபார்த்து ஜிப்பை மூடினேன். உதிரிபாகத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம். சரிபார்க்காமல் எதையும் மூட வராது.

குடியரசு தின விடுமுறையை ஒட்டி நானும் என் வீட்டுக்காரரும் மலேசியப் பக்கம் ஒரு தீவுக்குப் போயிருந்தோம். மறுநாள் மதியம் 2.40க்குத் திரும்பும் விமானம். ஊர் சுற்ற இந்த ஒரு நாள்தான். அதற்கென்றே அங்கே டிராலி ஓடுகிறது — பக்கச் சுவர் இல்லாத, மர சீட் போட்ட, மணியடித்துக்கொண்டு வரும் பஸ். சிவப்பு டிராலி தீவை இடமாகச் சுற்றும், நீலம் வலமாக. நேரங்களை முந்தின நாளே டைரியில் எழுதிக்கொண்டேன்.

9.55. நிறுத்தத்தில் நீள வரிசை. சிவப்பு டிராலி வளைவில் திரும்பியது. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட் காலி!

அடுத்து நடந்ததற்கு என் கைதான் பொறுப்பு. பொங்கலுக்கு முந்தின நாள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், ஒரு தடவை ஒற்றைச் செருப்பு... அந்தப் பஸ்ஸில் பழகிய கை. வரிசையை விட்டு ஓடினேன். கைப்பையை முதல் சீட்டில் நச்சென்று வைத்தேன்.

"ஏ சுமதி, வரிசையில நின்னா போதாதா? என்னாத்துக்கு ஓடற?" என்றார் வீட்டுக்காரர்.

"சும்மா இருங்க. ஃபர்ஸ்ட் சீட்டு!"

பெருமையாக வரிசைக்குத் திரும்பினேன். கண்டக்டர் பெண் ஒவ்வொருவராக எண்ணி ஏற்றினாள். எங்களுக்கு முன்னால் நின்றவர் ஏறியதும் கயிற்றைக் குறுக்கே மாட்டிவிட்டாள். ஃபுல்!

எப்படி ஃபுல்? பையைப் பார்த்து, முதல் சீட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் என்று அவள் கணக்கு. அங்கேதான் பை இருக்கிறதே! நான் பிடித்த சீட்டால் எனக்கே சீட் இல்லை.

"என் பை... பாஸ்போர்ட்!" கத்தினேன். மணிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. வண்டி போய்விட்டது.

"நாளைக்கு ஏர்போர்ட்ல என்னாத்தக் காட்டறது? என் மூஞ்சியையா?" என்றார் வீட்டுக்காரர்.

டிக்கெட் கவுன்டரில் நல்லவேளையாக ஒரு தமிழ்ப் பெண். போன் போட்டாள். வண்டியில் யாரும் எடுக்கவில்லை. "பயப்படாதீங்க அக்கா. ஒன்றரை மணி நேரத்துல சுத்திக்கிட்டு இங்கதான் வரும்."

ஒன்றரை மணி நேரமா? அதற்குள் எத்தனை நிறுத்தம், எத்தனை பேர் ஏறி இறங்குவார்கள்?

டைரி என் கையில் இருந்தது. புரட்டினேன். சிவப்பு 10.50க்கு அருவி. அங்கே பத்து நிமிடம் நிற்கும். எதிர்ப்பக்கமாகப் போகும் நீலம் 10.54க்கு அதே அருவி. ஆறு நிமிடம் இருக்கிறது!

நீலத்தில் தொற்றினோம். தென்னந்தோப்பு, பாறை மேல் கோயில், பச்சைக் கடல்... எல்லாம் இருந்ததாக வீட்டுக்காரர் சொன்னார். நான் பார்த்தது வாட்ச்.

10.47. வண்டி நின்றது. ரோட்டின் குறுக்கே ஆள் நீள உடும்பு! ஓவர்டைம் முடிந்து வீட்டுக்குப் போகிறவர் மாதிரி நடை. எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள்.

"ஹாரன் அடிக்கச் சொல்லுங்க!"

"ஜூஜுவாடி டிராபிக்ல முக்கா மணி நேரம் கம்முனு நிக்கறவதான நீ? ஒரு உடும்புக்குப் போயி இப்பிடிப் பறக்கற?"

நான்கு நிமிடம் போயிற்று. 10.58க்கு அருவி. சிவப்பு நிற்கிறது, டிரைவர் ஏறிவிட்டார். ஓடினேன். ஐம்பத்தோரு வயதில் அப்படியும் ஓட வருகிறது!

முதல் சீட்டில் பை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பின் சீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். வளைவில் விழாதபடி பையின் வாரைத் தன் விரலில் சுற்றிப் பிடித்திருந்தார். அருவி பார்க்கக்கூட இறங்கவில்லையாம். "சீட்டில் வைத்தவர் வருவார் என்று காத்திருந்தேன்" என்றார் ஆங்கிலத்தில்.

ஜிப்பைத் திறந்தேன். இரண்டு பாஸ்போர்ட்டும் இருந்தன. மறுபடி பார்த்தேன். இருந்தன! அருவி பார்த்துவிட்டு வரும்படி பெரியவருக்குக் கை காட்டினேன். வீட்டுக்காரர் கண்டக்டரிடம் தெரிந்த ஆங்கிலத்தையும் இரண்டு கையையும் சேர்த்துப் பேசி ஐந்து நிமிடம் வாங்கினார். பெரியவர் அருவி பார்த்துவிட்டு வந்தார். அதுவரை அவர் சீட்டில் இருந்த தொப்பிக்கு நான் காவல்.

சிவப்பிலேயே திரும்பினோம். தென்னந்தோப்பும் கோயிலும் உண்மையிலேயே இருந்தன! வழியில் ஒரு கணக்குப் போட்டேன். நான் பையை வைக்காமல் வரிசையில் நின்றிருந்தால்? கடைசியாக மிஞ்சியிருக்கும் இரண்டு இடமும் எங்களுக்குத்தான். இடம் கிடைக்காதோ என்கிற பயத்தைக் கடல் தாண்டியும் தூக்கிக்கொண்டு போகிறோமே, ஏன்?

மறுநாள் ஞாயிறு. காலையில் முதல் வேலையாக, ஏழு மணி சிவப்பு டிராலிக்கு வரிசையில் முதல் ஆளாக நின்றோம். அருவி வரைக்குமான பாதித் தீவை நாங்கள் இன்னும் பார்க்கவில்லையே! முதல் சீட்டே கிடைத்தது. பையை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தோம்.

வழி அதற்குத்தானே தெரியும்!