ஒரே ஒரு நீலப் பட்டு

லிங்கராஜபுரத்துப் பல் கிளினிக் ஒன்றில் டோக்கன் கொடுக்கும் சிந்தியா ஒரு காலத்தில் மேடையில் பாடியவள் என்பது அங்கே பலருக்குத் தெரியாது. தங்கவயலில் பிறந்தவள். அப்பா சுரங்கத் தொழிலாளி. பத்தொன்பது வயதில், 1992-ல், ரயிலேறி நகரத்துக்கு வந்து உத்தமன் நடத்திய வெண்ணிலா இன்னிசைக் குழுவில் சேர்ந்தாள்.

முதல் கச்சேரி ஒக்கலிபுரத்தில், அம்மன் கோயில் திருவிழா. "நல்ல டிரெஸ்ஸா போட்டுனு வாம்மா" என்று உத்தமன் சொல்லியிருந்தார். அவளிடம் இருந்ததிலேயே நல்லது, அக்கா கல்யாணத்தில் தோழிப்பெண்ணாக நின்றபோது தைத்த ரோஸ் கவுன்தான். அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்து, தரையைக் கூட்டும் நீளம். அதோடு வந்து இறங்கியவளைப் பார்த்ததும் குழுவின் பாடகி சரசுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சரசுவுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான்.

"காத்தடிச்சா மைக்கப் புடிப்பியா, கவுனப் புடிப்பியா?"

முதல் பாதியைச் சரசு பாடினாள். இடைவேளையில் துணி மறைப்புக்குப் பின்னால் தன் புடவையை அவிழ்த்து அதைச் சிந்தியாவுக்குக் கட்டிவிட்டாள். மெல்லிய சரிகை போட்ட நீலப் பட்டு. வாத்தியம் வாசிப்பவர்கள் எல்லோருக்கும் நீலக் கோட்டு. பாடகிக்கும் அதே நீலம் வேண்டுமென்று உத்தமன் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்தது. அவர் வசதிக்கு ஒன்றுதான் எடுக்க முடிந்தது.

பயத்தில் பாவாடை நாடாவை இழுத்து முடிச்சுப் போட்ட சிந்தியாவின் கையைச் சரசு தட்டிவிட்டாள். "இறுக்காதடி, மூச்சு எங்கருந்து வரும்? கொஞ்சம் கீழ கட்டு. வளையலக் கழட்டு, மைக்ல சலசலங்கும்."

அதுவே வழக்கமாகிவிட்டது. இடைவேளை வரை ஒருத்தி, பிறகு மற்றவள். பத்து நிமிடத்துக்குள் புடவை கைமாற வேண்டும். கட்டிக்கொள்ளும்போது முதலில் கட்டியிருந்தவளின் உடம்புச் சூடு அதில் மிச்சமிருக்கும். ஊக்குக் குத்தியபடியே சரசு சேதி சொல்லுவாள். "மூணாவது வரிசையில ஒரு பெரியவர் தலையாட்டினு கீறாரு. அவரப் பாத்துப் பாடு, பயம் போயிரும்."

இரண்டு பெண் குரல் வரும் பாட்டுகளை மட்டும் உத்தமன் பட்டியலில் சேர்ப்பதேயில்லை. ஒருநாள் சிந்தியா கேட்டேவிட்டாள். "எங்கள்ல ஒருத்தி சொந்தப் புடவையில நின்னா என்னண்ணே?"

"வேற வேற கலர்ல நின்னா, யாரு பாடகி, யாரு சும்மா கூட வந்தவள்னு ஜனம் பேசும். உங்க ரெண்டு பேருல ஒருத்திக்கு அந்தப் பேரு வேணாம்மா."

பதினோரு வருடங்கள், நூற்றுக்கணக்கான மேடைகள். ஒரு தடவைகூட இருவரும் சேர்ந்து நின்றதில்லை. பிறகு உத்தமன் ஓசூர்ப் பக்கம் போய்விட்டார், குழு கலைந்தது. அதற்குள் பட்டும் மடிப்பு மடிப்பாக இற்றுக் கிழிந்து போயிருந்தது.

போன நவம்பரில் எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றிலிருந்து சிந்து என்ற பெண் போன் செய்தாள். ஆண்டு விழாவில் பழைய பாட்டுகள், சரசு மேடமும் வருகிறார்கள், தீம் ரெட்ரோ என்றாள். வாடகை உடையின் போட்டோவும் அனுப்பினாள். பெரிய பெரிய புள்ளி போட்ட புடவை, கோபுரம் போல ஒரு விக்.

சிந்தியா உடனே சரசுவைக் கூப்பிட்டாள். "நாம எங்கடி இதெல்லாம் போட்டோம்?"

"நாம கட்டினத சொன்னா அந்தப் பொண்ணு நம்புமா?" என்றாள் சரசு. இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

மறுநாள் சிந்தியா சிந்துவிடம் பக்குவமாகச் சொன்னாள். "விக் வெச்சா காது மூடிக்கும்மா, சுருதி கேக்காது. நாங்க எங்க புடவையிலயே வர்றோம்."

"சரிங்க மேடம். ஒரே கலர்லயாவது வர்றீங்களா?"

"வேணாம்மா."

விழா பிற்பகல் மூன்று மணிக்கு. சிந்தியா கிளிப்பச்சைக் கைத்தறியில் வந்திருந்தாள், சரசு கத்தரிப்பூ நிறத்தில். இரண்டு பெண் குரல் பாட்டு ஒன்றை இருவரும் போனிலேயே பாடிப் பாடிப் பழகியிருந்தார்கள். ஆனால் மேடையேறியதும், பழக்கதோஷம், இரண்டு பேரும் நேராக நடு மைக்குக்கே நடந்து தோளோடு தோள் இடித்துக்கொண்டார்கள். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். சரசு நகர்ந்து இடதுபக்க மைக்கில் நின்றுகொண்டாள்.

முதல் வரி சரசுவுடையது. துணி மறைப்புக்குப் பின்னாலிருந்து அத்தனை வருடம் கேட்ட குரல்தான். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அவள் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பாள் என்பது சிந்தியாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் தன் வரியை அரைத் தாளம் தாமதமாகத்தான் எடுத்தாள்.