யத்தோ அரபி பேசிய நாள்

யத்தோவுக்கு யாரையும் கண்டால் ஆகாது. யாருக்கும் யத்தோவைக் கண்டாலும் ஆகாது. பாலைவன ஓரத்து ரிஸ்ஸானிச் சந்தைக்கு அவள் ஆடுகளோடு வந்து இறங்கினால், வம்பளந்துகொண்டிருக்கும் ஆண்கள்கூடச் சற்று நகர்ந்து உட்காருவார்கள். நெடுநெடுவென்ற உடம்பு, தாடையில் பச்சை குத்திய கோடு, கண்ணில் எப்போதும் ஒரு சண்டை. புருஷன் பஸ்ஸு ஈயச் சுரங்கத்தில் மண்சரிவில் போன பிறகு ஒற்றை ஆளாக ஒட்டகங்களையும் வெள்ளாடுகளையும் கட்டி மேய்த்தவள். மணல்மேடுகளுக்குத் தெற்கே, கருங்கல் பரந்த வெட்டவெளியில், நரிக்கிணற்றுப் பக்கம் அவள் கூடாரம்.

சந்தையில் அவள் ஒரு சொல் அரபி பேசமாட்டாள். அரபி வியாபாரிகளிடம் விரலைக் காட்டி விலை பேசுவாள், தலையை ஆட்டுவாள், பிடிக்காவிட்டால் ஆட்டை இழுத்துக்கொண்டு நடந்துவிடுவாள். "காட்டுப் பொம்பளை, அவளுக்கு ஒண்ணும் புரியாது" என்று வியாபாரிகள் அவள் எதிரிலேயே தங்கள் கடைசி விலையைப் பேசிக்கொள்வார்கள். அவளுக்கு எல்லாம் புரியும். பிள்ளைப் பிராயத்திலிருந்து சந்தையில் நின்று கேட்ட மொழி அது. புரிந்ததை முகத்தில் காட்டாமல், அந்தக் கடைசி விலையிலேயே பிடித்து நிற்பாள்.

பேசாததற்குக் காரணம் அவளுடைய அப்பா. யத்தோ சிறுமியாக இருந்தபோது தம்பி பிறந்தான். அவனுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் இவனாவது பிழைக்கட்டும் என்று 'யித்திர்' என்று பெயர் வைத்தார்கள். பிழைத்திருப்பான் என்று பொருள். பதிவு அலுவலகத்தில் எழுதக் கொடுக்க அப்பா போனார், கூடவே யத்தோவும் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்தவன் பெயரைக் கேட்டதும் சிரித்தான்.

"இது மனுஷன் பேரா, கழுதை பேரா? மனுஷன் பேரு எதையாவது சொல்லு."

அப்பாவுக்கு அரபி தெரியாது. அவன் சிரித்ததைப் பார்த்து அவரும் மரியாதைக்குச் சிரித்தார். அவன் தன் இஷ்டத்துக்கு ஒரு பெயரை எழுதி அனுப்பிவிட்டான். வழியில் யாரோ விவரத்தைச் சொன்னபோது அப்பா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். தம்பியும் தங்கவில்லை. அந்தச் சிரிப்பை யத்தோ மறக்கவில்லை. 'அந்த பாஷை என் காதுல விழுந்தா விழட்டும், வாயில ஏறாது' என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

சண்டை தொடங்கியது அவள் கொழுந்தன் ஸக்குவால். பஸ்ஸுவின் தம்பி. ஆடு மேய்ப்பதை எப்போதோ விட்டுவிட்டு, நீலத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்களை ஒட்டகத்தில் ஏற்றி மணல்மேடு காட்டப் போனவன். வடக்கே நகரத்திலிருந்து வந்த ஒரு முதலாளி, நரிக்கிணற்றுக்குப் பக்கத்தில் சுற்றுலாக் கூடாரங்கள் போட்டான். குளிக்க வெந்நீர், உள்ளே விரிக்கக் கம்பளம், எல்லாம் உண்டு. கிணறு எங்கள் தாத்தா வெட்டியது, குடும்பத்தில் இப்போது மூத்தவன் நான்தான் என்று சொல்லி ஸக்கு அதை முதலாளிக்கு விட்டுக்கொடுத்தான். மோட்டார் வந்தது. சுற்றிலும் கம்பிவலை வந்தது. வலைக்கதவில் பூட்டு வந்தது.

தாத்தா வெட்டிய கிணறு தூர்ந்து பாழாய்க் கிடந்ததையும், பஸ்ஸு உள்ளே இறங்கி மண்ணை வெட்ட, யத்தோ நிறைமாதக் கர்ப்பிணியாக மேலே நின்று கயிற்றை இழுத்து வாளி வாளியாக மண் கொட்டியதையும் ஸக்கு யாரிடமும் சொல்லவில்லை.

யத்தோ ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு வந்தாள். பூட்டைப் பார்த்தாள். ஒரு கருங்கல்லை எடுத்தாள். மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. வெள்ளைக்காரர்கள் ஏதோ வேடிக்கை நடக்கிறது என்று போட்டோ எடுத்தார்கள். ஸக்கு ஓடி வந்தான்.

"மதினி! என்ன காரியம் செய்றே? போலீஸ் வரும்!"

"வரட்டும். அவனுக்கும் தாகம் எடுத்தா தண்ணி குடுப்பேன். நீ தாகத்துக்கே பூட்டுப் போட்டவன்டா. அண்ணன் எலும்பு அங்க புரளுது, கேக்குதா?"

பூட்டை உடைத்தாள் என்று முதலாளி கோர்ட்டில் வழக்குப் போட்டான். கோர்ட் இருந்த ஊருக்குப் போக விசாரணை நாளன்று கிடைத்தது ஹரூ என்பவனின் பிக்அப் வண்டி ஒன்றுதான். வாதியின் ஆளும் பிரதிவாதியும் ஒரே வண்டியில் போக வேண்டியிருந்தது. ஸக்கு முன்னால் ஏறிக்கொண்டான். யத்தோ பின்னால், சந்தைக்குப் போகும் ஆடுகளோடு ஏறினாள்.

"முன்னாடி வா மதினி, இடம் இருக்கு" என்றான் ஹரூ.

"ஆட்டு நாத்தம் தாங்கிக்கலாம்."

கல்வெளியில் வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. காற்று கிளம்பி மணலை வாரி அடித்தது. யத்தோ முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வறண்ட ஓடையைக் கடக்கும்போது சக்கரம் புதைந்தது. மூன்று பேரும் இறங்கிக் கையால் மணலைத் தோண்டினார்கள். ஸக்கு அள்ளிய மணலைக் காற்று திருப்பி அவன் முகத்திலேயே போட்டது.

"வெள்ளைக்காரிக்குத் தலைப்பாகை கட்டி விட்டுக் கட்டி விட்டுத் தோண்டவே மறந்துட்டியே" என்றாள் யத்தோ.

"நீ என்னத்த வேணா சொல்லு. உன் வழியில போயிருந்தா என் பிள்ளைங்க பசியில செத்திருக்கும்."

"என் பிள்ளை சாகலையே."

"உன் பிள்ளை ஏன் ஸ்பெயினுக்கு ஓடிட்டான்? உன் வாய் தாங்காமதானே!"

யத்தோ கையிலிருந்த மணலை அவன் மேல் எறிந்தாள். ஹரூ நடுவில் வந்து நின்றான். "வண்டியைத் தூக்கிட்டு அப்புறமா கொல்லுங்க ரெண்டு பேரும். இங்க செத்தா பொதைக்க நான்தான் தோண்டணும்."

கோர்ட்டில் நீதிபதி இளவயதுக்காரர், வடக்கத்திக்காரர். யத்தோவுக்கு அரபி தெரியாது என்று சொல்லப்பட்டதால் ஒரு மொழிபெயர்ப்பாளனை நிறுத்தினார்கள். மிமூன் என்று பெயர். பார்த்ததுமே யத்தோ அவனை அடையாளம் கண்டுகொண்டாள். ஸக்குவின் மாமியார் வழி உறவுக்காரன் அவன். முதலாளியின் கூடாரத்தில் சோறு தின்றவன்.

நீதிபதி கேட்டார், மிமூன் அதைத் தங்கள் ஜனத்தின் மொழியான தமாஸிக்தில் சொன்னான். யத்தோ தன் மொழியில் பதில் சொன்னாள்.

"பூட்டை உடைச்சது நான்தான். மறுபடியும் பூட்டினா மறுபடியும் உடைப்பேன். அந்தக் கிணத்து மண்ணை நான் தூக்கினேன், வயித்துல பிள்ளையோட. எங்க ஜனத்துல மேய்க்கிறவனுக்குத் தண்ணி இல்லைன்னு சொன்னவன் இதுவரைக்கும் கெடையாது."

மிமூன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நீதிபதியிடம் அரபியில் சொன்னான்:

"கிணறு புருஷன் குடும்பத்துக்குச் சொந்தம்னு ஒத்துக்கறா ஐயா. புருஷன் போனதுக்கப்புறம் தனக்கு உரிமை இல்லைன்னு தெரியுமாம். ஆத்திரத்துல உடைச்சுட்டா. மன்னிப்புக் கேக்கறா."

எழுத்தர் எழுதத் தொடங்கினார். யத்தோ ஸக்குவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொல், 'அப்படிச் சொல்லலையே' என்று ஒரே ஒரு சொல் அவன் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

யத்தோவின் நாக்கு கல்லாகக் கிடந்தது. அதை அவள்தான் புரட்ட வேண்டியிருந்தது.

"மன்னிப்பு நான் கேக்கல" என்றாள் அரபியில்.

சந்தையில் பொறுக்கிய அரபி அது. ஆடு விற்கிறவனின் அரபி. இலக்கணமும் இல்லை, மரியாதைச் சொல்லும் இல்லை. "இந்த ஆள் பொய். கிணறு மண் நான் தூக்கினேன். புருஷன் கீழே, நான் மேலே. மன்னிப்பு இல்லை. எழுதினதை அடி!"

பின்வரிசையில் யாரோ அந்தக் கொச்சையைக் கேட்டுச் சிரித்தார்கள். மிமூனின் முகம் வெளுத்தது. ஆனால் நீதிபதி சினந்தது அவன்மேல் முதலில் அல்ல.

"உனக்கு அரபி தெரியுமா? தெரிஞ்சு வச்சுக்கிட்டா மொழிபெயர்ப்பாளரைக் கேட்ட? கோர்ட்டை ஏமாத்தறியா?"

"தெரியும். பேச மாட்டேன். அது வேற, இது வேற."

"இப்ப பேசறியே?"

"இவங்க பேச வச்சாங்க."

நீதிபதி பேனாவை மேசையில் தட்டினார். இவளை நம்புவதா வேண்டாமா என்று அவருக்குப் புரியவில்லை. கடைசியில் மிமூனை வெளியே போகச் சொல்லி, வழக்கைத் தள்ளிவைத்தார். அடுத்த முறை மலைப்பக்கத்து ஆள் ஒருவன் மொழிபெயர்க்க வந்தான். அந்த ஆளின் தமாஸிக்த் யத்தோவின் காதுக்கு ஆடு கத்துவதுபோல் இருந்தது. அதை அவனிடமே சொன்னாள். ஆனாலும் அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னான். ஊரிலிருந்து சாட்சிகள் வந்தார்கள். பூட்டை உடைத்ததற்குத் தண்டம் கட்டச் சொல்லியும், மேய்ப்பவர்களுக்குக் கிணற்றைத் திறந்துவிடச் சொல்லியும் தீர்ப்பாயிற்று. யத்தோ தலையாட்டவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை.

வெளியே வந்ததும் ஸக்கு அவள் முன்னால் வந்து நின்றான்.

"ஜெயிச்சுட்டே மதினி. இனிமே முதலாளி என்னை வச்சுக்க மாட்டான். சந்தோஷமா?"

"கிணத்துக்காக உன்னை ஒருநாள் மன்னிச்சாலும் மன்னிச்சிருப்பேன்" என்றாள் யத்தோ. "பூட்டு இரும்புடா, ஒடையும். என் வாயில அந்த பாஷையை ஏத்தினியே, அதுக்கு மன்னிப்பு கெடையாது. இந்த ஜன்மத்துல என் கூடாரத்துப் பக்கம் வராதே. என் சாவுக்கும் வராதே."

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் காறித் துப்பிவிட்டு நடந்தாள். திரும்பி வர ஹரூவின் வண்டியில் ஏறவில்லை. உப்பு ஏற்றி வந்த லாரி ஒன்றில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தாள்.

கம்பிவலையைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். முதலாளி அசரவில்லை. அரை மைல் தொலைவில் ஆழ்துளைக் கிணறு இறக்கினான். பெரிய மோட்டார், குளிக்கத் தொட்டி. அடுத்தடுத்த கோடைகளில் நரிக்கிணற்றின் கயிறு நீண்டுகொண்டே போனது. வாளியில் கலங்கல் வந்தது, பிறகு சேறு வந்தது, பிறகு வாளி வெறுமனே அடியில் மோதும் ஓசை மட்டும் வந்தது. இதற்குக் கோர்ட் இல்லை என்றார்கள் ஊரில். யாருடைய பூட்டும் இல்லை, யாரை இழுப்பது?

ரிஸ்ஸானியில் கதை பரவியிருந்தது. வியாபாரிகள் இப்போது யத்தோ வந்தால் தணிந்த குரலில் பேசினார்கள். சிலர் வேண்டுமென்றே அவளிடம், "ஆத்தா, கோர்ட்ல பேசின அரபியை எங்ககிட்டயும் கொஞ்சம் பேசேன்" என்று சீண்டினார்கள். அவள் ஆட்டை இழுத்துக்கொண்டு அடுத்த சந்தைக்குப் போனாள். அங்கேயும் கதை முன்னால் போயிருந்தது.

ஸக்கு சொன்னபடியே முதலாளி அவனை விரட்டினான். ஸக்குவின் மனைவி ஒருநாள் யத்தோவின் கூடாரத்துக்கு வந்து, வீட்டில் மாவு இல்லை என்றாள். யத்தோ அவளுக்கு ஒரு ஆட்டுத்தோல் பை நிறைய வாற்கோதுமையும் ஒரு கொத்துப் பேரீச்சையும் கொடுத்தாள். "உனக்கும் பிள்ளைங்களுக்கும். அவன் தின்னா தொண்டையில நிக்கட்டும்" என்று சொல்லியே கொடுத்தாள். அவள் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டு போனாள்.

கிணறு வற்றிய அந்தக் குளிர்காலத்தில் யத்தோ கூடாரத்தைப் பிரித்தாள். கம்பங்களை ஒட்டகத்தில் கட்டினாள், கோழிகளைக் கூடையில் போட்டாள், நாயை முன்னால் விட்டாள். தெற்கே எல்லையோரம், யாரும் கூடாரம் போட விரும்பாத ஒரு உவர்க்கிணறு இருக்கிறது. அங்கே போகிறேன் என்று ஹரூவிடம் மட்டும் சொன்னாள். மேட்டின் மேல் ஸக்கு நின்று, "மதினி! மதினி!" என்று இரண்டு தரம் கூப்பிட்டான். அவள் ஒட்டகத்தின் மூக்குக் கயிற்றைச் சுண்டினாள்.

இப்போது அந்த உவர்க்கிணற்றடியில் இருக்கிறாள். போன மாதம் அந்தப் பக்கம் போய்வந்த ஹரூ சொன்னான், அங்கே மேய்க்க வரும் வேறு கூட்டத்தார் இரண்டு பேரோடு பேச்சுவார்த்தை இல்லையாம், மூன்றாமவனை இவன் போன நாளுக்கு முந்தின நாள்தான் கல்லால் அடித்தாளாம்.