அவள் எழுதாத கடைசிப் பக்கம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறுபத்திரிகை நடத்தினோம். மாதத்தின் கடைசி ஞாயிறு, ரங்கநாதன் தெருவில் எங்களில் ஒருவருடைய ஜவுளிக்கடை மாடியில், துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்து கதை தேர்ந்தெடுப்போம். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். கதையை அவர்தான் உரக்கப் படிப்பார். எழுதியவர் பெயர் தனியாக, ஒட்டிய உறைக்குள் இருக்கும். தீர்ப்புக்குப் பிறகுதான் பிரிப்போம். எங்கள் கதைகளுக்கும் இதே சட்டம். ஒருவர் கையெழுத்து மற்றவருக்குத் தெரியும் என்பதால், வேறு யாரையாவது படியெடுக்கச் சொல்லிக் கொண்டுவர வேண்டும். வேலிக்கு ஓணான் சாட்சி என்று ஊர் பேசிவிடக் கூடாதே.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் நான். முதலில் மாட்டிக்கொண்டவனும் நானே. என் இரண்டு கதைகள் அடுத்தடுத்துத் தோற்றன. மூன்றாவதும் தோற்றால் எழுதுவதை விட்டுவிட்டு, புரூஃப் மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். அதை மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

மயிலாப்பூரில் எங்கள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவள்தான் படியெடுத்தாள். கதையும் எங்களுக்கு நடந்ததுதான். தகப்பனார் காரியம் முடிந்து ஊரிலிருந்து திரும்பும் மனைவி, எழும்பூர் ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் காத்திருக்கிறாள். மூன்றாம் நாளே பட்டணம் திரும்பிவிட்ட கணவன், அவளை அழைக்கப் போகாமல் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைசியில் ஓடி வருகிறான். அவள் சிரித்து, "பரவாயில்லை, உங்க வேலைதான் முக்கியம்" என்கிறாள். அந்தக் கடைசிப் பக்கத்தை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. என் எழுத்துக்கு நானே அழும் வழக்கம் அப்போது உண்டு.

ஞாயிறன்று கடைக்காரர் படித்தார். 'பெட்டி மேல் உட்கார்ந்தபடி, அவன் ஓடி வருவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்' என்ற வரியோடு தாள்களைக் கீழே வைத்துவிட்டார். அவள் சிரிப்பைக் காணோம், அந்தப் 'பரவாயில்லை'யைக் காணோம். ஒரு தாள் எங்கேயோ விழுந்துவிட்டது என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் எழுதியவன் யாரென்று தெரிந்துவிடும். மூட்டை மேல் நெளிந்துகொண்டிருந்தேன்.

"இதுல்லா கதை," என்றார் அவர். "அவள பெட்டி மேல உக்கார வச்சதோட நிறுத்திட்டாம் பாரும். நிறுத்தத் தெரிஞ்சவன்."

மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். உறையைப் பிரித்த கடைக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கடைசிப் பக்கம் எங்கே என்று மனைவியிடம் கேட்டேன்.

"எழுதலை," என்றாள், அரிசி களைந்துகொண்டே.

"ஏன்?"

"அவ மன்னிச்சுட்டான்னு நீங்களே எழுதிண்டா எப்படி?"

என்னை எழுத்தில் தக்கவைத்தது அந்தக் கேள்விதான். அதன் பிறகு எந்தக் கதையிலும் யாரையும் மன்னிக்க வைக்க நான் அவசரப்பட்டதில்லை. அதற்காக அவளுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஆனால் அன்று எனக்கு உறைத்தது வேறு. ஸ்டேஷனில் நான் மன்னிப்பே கேட்டிருக்கவில்லை. என் கதையில் வந்தவனும் கேட்கவில்லை. அது நடந்து எட்டு மாதம் கழித்து, அன்றுதான் சமையலறை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

அவள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அப்பா கடைசியா என்ன சொன்னார்னு நீங்க இன்னும் கேக்கவேயில்லை," என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் சொல்லத் தொடங்கினாள்.