கவிழ்ந்த பச்சைத் தண்ணீர்

1. குத்துக்கல்வலசை வீட்டில், கண்ணாடித் தொட்டியில் நான் வளர்க்கும் கடல்மீன்களின் முட்டைகள் முதன்முறையாகப் பொரிந்தன.
2. அந்தக் குஞ்சுகளின் வாய்க்குள் நுழையும் ஒரே இரை, பின்வாசல் டப்பில் பச்சை உப்புநீரில் நான் வளர்த்த நுண்ணுயிர்கள்.
3. மூன்றாம் நாள், நான் குளித்துவிட்டு வருவதற்குள் டெங்கு ஒழிப்புப் பணியாளர் அந்த டப்பைக் கவிழ்த்துவிட்டார்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் நீலக் கோட்டு, கையில் டார்ச். தண்ணீர் நிற்கும் எந்தப் பாத்திரத்திலும் விரலை விட்டு ஒரு சுழற்று சுழற்றிப் பார்ப்பார்.

“அக்கா, அது கடல்மீன் குஞ்சுக்குத் தீனி!”

“கடலு திருச்செந்தூர்லல்லா கெடக்கு. படிச்ச பிள்ள, பாசி பிடிக்க விட்டுட்டுக் கத சொல்லுதியா?”

“உப்புத் தண்ணிக்கா. நாக்குல வச்சுப் பாருங்க.”

ஈர விரலை நக்கியவர் முகம் சுளித்தார். “உப்புத் தண்ணியில டெங்குக் கொசு முட்ட போடாதே,” என்று எனக்கே பாடம் சொன்னார். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த டெங்கு ஆய்வு அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் அவர் கவிழ்த்த டிரம்மிலிருந்து தரையில் கொட்டி நெளிந்தவை நிஜமான கொசுப்புழுக்கள். அவரைத் திட்டக்கூட வழியில்லாமல் நின்றதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். இன்றும் அது அடங்கவில்லை.

ஐந்தாம் நாள் கடைசிக் குஞ்சும் செத்தது. இரை வளர்ப்பை மறுபடி தொடங்கியிருக்கிறேன். தாய்மீன் இன்னும் அடுத்த முட்டைகளை இடவில்லை.